நைனா காட்டிய மெட்ராஸ்

கோலார் தங்கவயலில் பிறந்த பிள்ளைகளுக்கு உயரம் என்றால் சயனைடு மேடு, ஆழம் என்றால் சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாஃப்ட். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண்ணெல்லாம் குன்று குன்றாகக் குவிந்து கிடக்கும். காற்று அடித்தால் அந்த மாவு மண் கிளம்பி வந்து உலர்த்திய துணியிலும் ஆறவைத்த சோற்றிலும் படியும். சங்கு ஊதினால் ஷிஃப்ட் மாறுகிறது என்று அர்த்தம். அகால நேரத்தில் தரை அதிர்ந்து அலமாரிப் பாத்திரங்கள் ஆடினால் கீழே பாறை வெடித்துச் சிதறும் ராக் பர்ஸ்ட் என்று அர்த்தம். பெண்கள் ஈரக்கையோடு வாசலுக்கு ஓடி வந்து ஷாஃப்ட் இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். யார் வீட்டு ஆள் எந்த ஷிஃப்டில் இறங்கியிருக்கிறான் என்பது சாம்பியன் ரீஃப் லைன் வீடுகள் முழுக்க எல்லோருக்கும் தெரியும்.

அந்த ஊரில் 'ஊர் பார்க்கப் போறோம்' என்று ஒரு வீட்டில் சொன்னால் அது மெட்ராஸ்தான். பெங்களூர் நூறு கிலோமீட்டருக்குள்தான். ஆனால் பெங்களூருக்குக் காரியமாகப் போவார்கள். பெரிய ஆஸ்பத்திரி, சர்டிபிகேட், வேலைக்கு நேர்முகம். பார்க்கப் போகும் ஊர் மெட்ராஸ். எங்கள் சினிமாவும் கட்சிக்கொடியும் பத்திரிகையும் அங்கிருந்து வந்தன. அயோத்திதாசப் பண்டிதர் ராயப்பேட்டையிலிருந்து நடத்திய 'தமிழன்' இதழுக்குத் தங்கவயலில் ஊன்றிப் படிக்கும் வாசகர்கள் இருந்தார்கள். 1914-இல் அவர் மறைந்த பிறகு அவர் எழுத்துகளை நூல்களாக அச்சிட்டு வைத்தது எங்கள் ஊர் சித்தார்த்தா புத்தகசாலை. அதனால் மெட்ராஸ் எங்களுக்கு அயலூராகத் தோன்றியதே இல்லை.

இன்னொரு காரணம் ரத்த உறவு. 1880-இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற லண்டன் கம்பெனி இங்கே கால் வைத்த பிறகு, வட ஆற்காட்டுக் கிராமங்களிலிருந்து நிலமில்லாத ஜனங்கள் கூட்டம் கூட்டமாக மலையேறி வந்தார்கள். ஒரே வீட்டில் பிறந்த அண்ணன் மேற்கே சுரங்கத்துக்கு வந்தால், தம்பி கிழக்கே மெட்ராஸ் துறைமுகத்துக்கோ பின்னி மில்லுக்கோ பெரம்பூர் ரயில் பட்டறைக்கோ போனான். இன்னும் சிலர் அதே துறைமுகத்தில் கப்பலேறி ரங்கூனுக்கும் மலாயாவுக்கும் போனார்கள். எங்கள் அம்மாவின் தம்பி துறைமுகத்தில் டாக் லேபராகப் பதிந்து வேலை செய்தவர். எங்களுக்கு அவர் 'ஹார்பர் மாமா'. ராயபுரத்தில் வீடு.

1978 கோடை விடுமுறையில் அவர் வீட்டுக்குப் போனோம். நான் ஐந்தாவது முடித்திருந்தேன், தங்கை இரண்டாவது. சுரங்கத்தில் வேலை செய்த அப்பாவை நாங்கள் நைனா என்போம். நைனாவுக்கு லீவு கிடைப்பது அபூர்வம். கிடைத்தாலும் வீட்டில் படுத்துக் கிடக்கவே உடம்பு சொல்லும். அந்த வருஷம் அவரே, "பசங்களுக்குக் கடலைக் காட்டணும்" என்றார். அவரும் அதுவரை கடலைப் பார்த்ததில்லை என்பதை ரயிலில்தான் அம்மா சொன்னாள்.

சாயங்காலம் சாம்பியன் ஸ்டேஷனில் மாரிகுப்பம் பாசஞ்சரைப் பிடித்து, ஊரிகம், கோரமண்டல் தாண்டி பங்காரப்பேட்டையில் இறங்கினோம். அந்தப் பதினாறு கிலோமீட்டர் கிளைப்பாதை 1894-இல் சுரங்கத்துக்காகவே போட்டது. அங்கே ராத்திரி மெயிலுக்குக் காத்திருந்தோம். அம்மா வாழையிலையில் புளிசோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். மெயிலில் உட்கார இடமில்லை. டிரங்குப் பெட்டியின் மேல் தங்கையை மடியில் வைத்துக்கொண்டு நைனா உட்கார்ந்தார். குப்பம், ஜோலார்பேட்டை, காட்பாடி என்று தூக்கத்துக்கு நடுவே ஊர்ப் பெயர்கள் காதில் விழுந்தன. விடியற்காலையில் பேசின் பிரிட்ஜ் வந்ததும் ஒரு நாற்றம் பெட்டிக்குள் ஏறியது. "மெட்ராஸ் வந்துட்டுது" என்று யாரோ சந்தோஷமாகச் சொன்னார்கள்.

சென்ட்ரலில் இறங்கியபோது ஆறு மணிகூட ஆகவில்லை, அதற்குள் எங்களுக்கெல்லாம் வேர்த்து ஊற்றியது. தங்கவயல் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 850 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். கோடையிலும் விடியற்காலையில் போர்வை வேண்டும். நைனா மட்டும் வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. சாம்பியன் ரீஃபின் அடி லெவல்களில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மேலே குளிர்பதன ஆலை வைத்துக் குளிர்ந்த காற்றைக் கீழே அனுப்பினால்தான் மனிதன் நிற்க முடியும். அங்கே வேலை செய்தவருக்கு மெட்ராஸ் வெயில் ஒரு பொருட்டாகத் தோன்றியிருக்காது.

மாமா முதலில் காட்டியது அவருடைய துறைமுகத்தைத்தான். மேஸ்திரி ஒருவரைப் பிடித்து எங்களுக்கு பாஸ் வாங்கி வைத்திருந்தார். கேட்டைத் தாண்டி, ரயில் தண்டவாளங்களைத் தாண்டி, மூட்டைகள் அடுக்கிய ஷெட்டுகளின் நிழலிலேயே நடத்திக் கூட்டிப் போனார். ஷெட் முடிந்த இடத்தில் எதிரே ஒரு கறுப்புச் சுவர் நின்றது. அதில் துருவும் சிவப்புப் பெயின்ட்டும் வழிந்திருந்தன. "கப்பல் எங்க மாமா?" என்று கேட்டேன். "நீ பாக்கறதுதாண்டா கப்பல். அண்ணாந்து பாரு" என்றார். அண்ணாந்து பார்த்தேன். சுவர் முடிகிற இடத்தில் ஒரு ஆள் சாய்ந்து நின்று பீடி குடித்துக்கொண்டிருந்தான். அவன் கை மட்டும்தான் தெரிந்தது.

நானும் தங்கையும் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நைனா பார்த்தது கம்பிக் கயிற்றை. கப்பல் வயிற்றுக்குள்ளிருந்து விஞ்ச் ஒரு வலை நிறைய மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு வந்தது. மேலே நின்ற ஒருவர் கையை மட்டும் ஆட்டினார்; அந்தக் கைக்கு விஞ்ச் நின்றது, திரும்பியது, இறக்கியது. நைனா அவரையே பார்த்தார். "மச்சான், இந்த ரோப்பை எத்தனை நாளுக்கு ஒருக்கா மாத்துவாங்க?" என்று கேட்டார். மாமாவுக்கு அந்தக் கேள்வியின் கனம் உடனே புரிந்துவிட்டது. "பாத்துக்கிட்டே இருப்பாங்க மாமா. இழை ஒண்ணு ரெண்டு அறுந்தாலே ஓரம் கட்டிடுவாங்க" என்றார். "எங்களுதும் அப்படித்தான். டெய்லி பாப்பாங்க" என்றார் நைனா. தினமும் அந்த மாதிரி ஒரு கயிற்றில் தொங்கிய கேஜில்தான் நைனா இறங்கினார், ஏறினார்.

இரண்டு பேரும் அதற்குப் பிறகு வெகுநேரம் வேலையைப் பற்றியே பேசினார்கள். கீழே பெல் அடித்துத்தான் சொல்ல முடியும், ஆளை ஆள் பார்க்க முடியாது என்று நைனா சொன்னார். இங்கே சத்தத்தில் காது கேட்காது, கைதான் வாய் என்று மாமா சொன்னார். மாமா இடுப்பில் செருகியிருந்த மூட்டைக் கொக்கியை நைனா வாங்கிப் பிடித்துப் பார்த்தார். நெஞ்சுக்குள் தூசு போவதைப் பற்றியும் பேசினார்கள். சிமென்ட் கப்பல், கந்தகக் கப்பல் என்றால் இரண்டு நாள் சோறு இறங்காது என்றார் மாமா. நைனா அதற்குப் பதில் சொல்லாமல் ஒருமுறை இருமினார். கல் தூசு நுரையீரலில் தங்கி மூச்சை அடைக்கும் சிலிகோசிஸ் எங்கள் லைனில் பல வீடுகளில் இருந்தது. அந்த நோயின் பெயர் எனக்கு அப்போது தெரியாது. இருமல் சத்தம் தெரியும்.

கொஞ்ச தூரத்தில் செம்மண் மலை மாதிரி ஒன்று குவிந்திருந்தது. "உங்க கர்நாடகத்து மண்ணுதான் மாமா" என்றார் மாமா. பெல்லாரி, ஹோஸ்பேட்டைப் பக்கத்து இரும்புத் தாது. ரயிலில் வந்து இங்கே கப்பலேறி ஜப்பானுக்குப் போகும். நைனா குனிந்து ஒரு கட்டியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தார். எங்கள் ஊர்த் தங்கமும் வெள்ளைக்காரன் காலத்தில் கடல் தாண்டி லண்டனுக்குத்தான் போனது. ஆனால் தங்கம் போவதை வெட்டியவன் பார்க்க முடியாது. பூட்டிய பெட்டியில் போலீஸ் காவலோடு போகும். இங்கே தாது எல்லோர் கண் முன்னாலும் குவிந்து கிடந்தது.

அன்று வேறொரு பெர்த்தில் வெள்ளையாக ஒரு பயணிகள் கப்பல் நின்றது. எம்.வி. சிதம்பரம். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வாங்கி, சிதம்பரம் என்று பெயர் வைத்து, மெட்ராஸுக்கும் பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்கும் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். டிரங்குப் பெட்டிகளும் ஊறுகாய் ஜாடிகளும் அழுகிற பாட்டிகளுமாக ஷெட் நிறைந்திருந்தது. "இதுல ஏறுனா எட்டு நாளுக்குள்ள சிங்கப்பூரு" என்றார் மாமா. தங்கை உடனே ஏறிவிடலாம் என்று அடம் பிடித்தாள். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் அந்தக் கப்பலில் தீப்பிடித்துப் பலர் இறந்த செய்தியைப் பேப்பரில் படித்த அன்று அம்மா சாப்பிடவில்லை.

இந்தத் துறைமுகம் இயற்கையாக அமைந்ததில்லை என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கடற்கரை நேர்க்கோடாக இருக்கும் ஊர் மெட்ராஸ். கப்பல் ஒதுங்க ஒரு குடா கிடையாது. இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நின்றன. மரப்பலகைகளைக் கயிற்றால் தைத்த மசூலா படகுகளில் மீனவர்கள்தான் ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைக்குக் கொண்டுவந்தார்கள். பிறகுதான் கடலுக்குள் கல் போட்டுக் கைகள் போலச் சுவர் கட்டினார்கள். 1881-இல் வந்த புயல் அதைத் தகர்த்தது. மறுபடி கட்டினார்கள். 1904-இல் துறைமுகத்தின் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் வாயிலின் திசையையே மாற்றி அமைத்த பிறகுதான் அது முழுத் துறைமுகமானது. அந்தச் சுவர் தெற்கிலிருந்து வரும் மணலைத் தடுத்தது. தெற்கே மெரினா அகலமானது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. மாமா வீட்டுப் பக்கம் கரையில் மணலே இல்லை, கருங்கல் கொட்டி வைத்திருந்தார்கள். மெரினாவின் அழகைப் பாராட்டுகிறவர்கள் அதன் விலையை வடசென்னைக்காரர்கள் கொடுத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொல்பவர்கள் குறைவு.

அதே ராயபுரத்தில் மாமா காட்டிய இன்னொன்று ரயில்வே ஸ்டேஷன். வெள்ளைத் தூண்கள் வரிசையாக நிற்கும் கட்டடம். பாதி பாழாகக் கிடந்தது. 1856 ஜூலை 1-ஆம் தேதி தென்னிந்தியாவின் முதல் ரயில் இங்கிருந்து வாலாஜா ரோடுக்குப் புறப்பட்டது. எங்கள் முன்னோர்களை மலைக்கு ஏற்றிவிட்ட பாதையின் முதல் துண்டு அதுதான். நைனா உள்ளே போய் ஒரு தூணில் கை வைத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

மறுநாளிலிருந்து பஸ்ஸும் நடையும். பாரிமுனையில் ஹைகோர்ட் வெளிச்சுவரில் பதித்திருந்த கல்லை மாமா படிக்கச் சொன்னார். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்ட இடம். துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்து, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு ஊரைவிட்டு ஓடினார்களாம். ஹைகோர்ட்டின் கோபுர உச்சியில்தான் 1894 முதல் கப்பல்களுக்கு விளக்கு எரிந்தது. வளாகத்துக்குள் அதற்கும் மூத்த விளக்குத்தூண் ஒன்று தனியாக நின்றது. 1844-இல் எரியத் தொடங்கியது. அதற்கும் முன்னால், 1796-இல், கோட்டைக்குள் இப்போது மியூசியமாக இருக்கும் கட்டடத்தின் மாடியில் விளக்கு வைத்திருந்தார்கள்.

எதிர்ப்பக்கம் பர்மா பஜார். பர்மாவிலிருந்து எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கப்பலில் வந்து இறங்கியவர்களுக்காக 1969-இல் பீச் ரோடு ஓரமாகக் கடை போடக் கொடுத்த இடம். டேப் ரெக்கார்டர், ஜப்பான் குடை, சென்ட் பாட்டில் என்று கண்ணைப் பறித்தது. நைனா அங்கே ஒரு டார்ச் லைட் வாங்கினார். பேரம் பேசவில்லை. "கப்பல்ல வந்தவங்க, நம்ம ஆளுங்க" என்று மட்டும் சொன்னார். கடைக்காரம்மா எங்கள் பேச்சை வைத்தே, "கோலாரா?" என்று கேட்டுவிட்டு, தங்கைக்கு ஒரு பிளாஸ்டிக் வளையல் சும்மா கொடுத்தார்.

உயிர்க் காலேஜ் என்ற மிருகக்காட்சி சாலையும் செத்த காலேஜ் என்ற மியூசியமும் பார்க்காமல் மெட்ராஸ் போய் வந்ததாக அந்தக் காலத்தில் யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சென்ட்ரலை ஒட்டிய மிருகக்காட்சி சாலையில் சிங்கம் தூங்கிக்கொண்டிருந்தது, நெருக்கடியான கூண்டுகள். மிருகங்கள் 1985-இல் வண்டலூருக்குப் போனது நல்லதாயிற்று. அதை ஒட்டி மூர் மார்க்கெட். பழைய புத்தகக் கடையில் எனக்கு ஒரு அட்லஸ் வாங்கிக் கொடுத்தார் நைனா. முதல் சில பக்கங்கள் கிழிந்திருந்தன, ஆனால் கடல்களுக்கு மூன்று விதமான நீலம் தீட்டியிருந்தது. மூர் மார்க்கெட்டும் அதே 1985-இல் எரிந்து போனது. எழும்பூர் மியூசியத்தில் திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டை அம்மா நெடுநேரம் பார்த்தாள். நைனா கல் வைத்திருந்த அறையைவிட்டு வரவில்லை. கண்ணாடிக்குள் இருந்த வெள்ளைக் குவார்ட்ஸைக் காட்டி, "இதுல நீலக் கோடு ஓடணும், அப்பத்தான் தங்கம்" என்று அங்கே நின்ற இரண்டு கல்லூரி மாணவர்களுக்கு விளக்கினார். அவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தைப் பார்க்க மாடி பஸ்ஸில் போனோம். 1959-இல் கட்டி முடித்த பதினான்கு மாடி, 177 அடி. கழுத்து வலிக்கப் பார்த்தேன். ஒவ்வொரு மாடியாக எண்ணச் சொல்லி, எண்ணி முடித்ததும் நைனா சொன்னார்: "இந்த மாதிரி ஐம்பது கட்டடத்தை ஒண்ணு மேல ஒண்ணு நிக்க வெச்சு அப்படியே உள்ள எறக்கினாலும் நம்ம ஷாஃப்ட்டு இன்னும் மிச்சம் இருக்கும்." அதில் பெருமை இருந்தது. பஸ்ஸுக்குக் காத்திருந்த இரண்டு மூன்று பேர் திரும்பி அவரைப் பார்த்தார்கள்.

மெரினாவுக்கு வருகிறேன். அதை ஒரு பகல் முழுக்கப் பார்த்தோம். அண்ணா சமாதியில் செருப்பைக் கழற்றிவிட்டு அம்மா விழுந்து கும்பிட்டாள். அங்கிருந்து கொஞ்சம் நடந்தால் உழைப்பாளர் சிலை. தேவி பிரசாத் ராய் சௌத்ரி செய்தது, 1959-இல் வைத்தது. நான்கு பேர் ஒரு பாறையைப் பெயர்க்க முயல்கிறார்கள். நைனா அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவர் முகத்தைப் பார்க்கவில்லை, தோளைப் பார்க்கவில்லை, கால்களைப் பார்த்தார். "பாரு, எப்படி ஊணியிருக்கறான். பெருவிரல் மண்ணுல பதிஞ்சிருக்குது. நெஜமாத் தள்றவன் கால் இப்படித்தான் நிக்கும். செஞ்சவன் பாத்துட்டுத்தான் செஞ்சிருக்கறான்" என்றார். 1923-இல் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இந்தக் கடற்கரையில்தான் என்று மாமா சொன்னார். எங்கள் ஊரில் மே தினம் பொங்கலைப் போலப் பெரிய நாள். செங்கொடியும் நீலக்கொடியும் தெருத்தெருவாகப் போகும். அந்த நாள் நம் நாட்டில் முதலில் எங்கே தொடங்கியது என்று நைனாவுக்கு அன்றுதான் தெரிந்தது. சிலையின் பீடத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். தங்கை தேங்காய் மாங்காய் சுண்டல் கேட்டு அழ ஆரம்பித்த பிறகே எழுந்தார்.

ஐஸ் ஹவுஸைப் பஸ்ஸிலிருந்தே பார்த்தோம். அமெரிக்காவில் உறைந்த ஏரியிலிருந்து பாளம் பாளமாக ஐஸ் வெட்டிக் கப்பலில் கொண்டுவந்து இறக்கி வைத்த கட்டடம் அது என்று அப்போது யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இறங்கியே ஆக வேண்டும் என்று நானும் அழுதிருப்பேன்.

சாயங்காலத்துக்கு முன்னால் கலங்கரை விளக்கம். ஹைகோர்ட் கோபுரத்து விளக்கை அணைத்துவிட்டு, மெரினாவின் தென்கோடியில் புதிதாகக் கட்டி 1977-இல் திறந்தது. சிவப்பும் வெள்ளையுமாக முக்கோண வடிவில் நிற்கும். மேலே போக லிஃப்ட் உண்டு. அதுதான் அந்த விளக்கின் தனிச்சிறப்பு. டிக்கெட் வாங்கி வரிசையில் நின்றோம். அம்மாவுக்கு லிஃப்ட் பயம், தங்கைக்கும் பயம். நைனா முதலில் உள்ளே போனார், பின்சுவரில் முதுகை ஒட்டி, கால்களைக் கொஞ்சம் அகட்டி நின்றார். கேஜில் நிற்கிற மாதிரி நிற்கிறார் என்று அம்மா என் காதில் சொன்னாள். கதவு மூடியது. பெட்டி கிளம்பியதும் நைனாவின் முகம் மாறியது. "மேல போவுது" என்றார், யாரிடமும் இல்லாமல். வேலைக்குப் போகும்போது கீழேயே இறங்கிப் பழகியவர். வேலை முடிந்து ஏறும்போது வந்து சேரும் இடம் தரை. தரைக்கு மேலே போகும் கேஜ் அவருக்கு அதுதான் முதல்.

மேலே காற்று ஆளைத் தள்ளியது. வடக்கே துறைமுகத்துக் கிரேன்கள், அதற்கு வெளியே உள்ளே வரக் காத்து நின்ற கப்பல்கள், கீழே கட்டுமரங்கள், தெற்கே சாந்தோம் கோயிலின் ஊசிக்கோபுரம், மேற்கே தென்னந்தோப்புகள், கபாலீசுவரர் கோபுரம். கிழக்கே தண்ணீர் மட்டும்தான். நான் அட்லஸில் பார்த்த மூன்று நீலமும் இருந்தன. கரைக்குப் பக்கத்தில் வெளிர், அப்புறம் பச்சை கலந்தது, தூரத்தில் மையாகக் கறுத்தது. நைனா கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மாமாவிடம், "எவ்ளோ ஆழம் இருக்கும்?" என்று கேட்டார். "தெரியாது மாமா. உள்ளாற போகப் போக ஆழம்" என்றார் மாமா. "நம்மள விட இருக்குமா?" என்றார் நைனா.

பள்ளி திறந்ததும் இந்தக் கேள்வியை எங்கள் பூகோள வாத்தியாரிடம் கேட்டேன். அவர் கரும்பலகையில் கணக்குப் போட்டார். ஊரின் உயரம் சுமார் 850 மீட்டர். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஆழம் சுமார் 3,200 மீட்டர். கழித்தால் அடி லெவல் கடல் மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே இருக்கிறது. மெரினாவில் தெரிகிற கடலின் தரையெல்லாம் அதற்கு வெகு மேலே. வகுப்பில் பாதிப் பேரின் நைனாக்கள் அங்கேதான் வேலை செய்தார்கள். கடலைப் பார்க்காமலே கடலுக்குக் கீழே போய் வந்தவர்கள். அன்று வீட்டுக்கு ஓடிப்போய்ச் சொன்னேன். நைனா குளித்து முடித்துச் சோற்றுக்கு உட்கார்ந்திருந்தார். "அப்படியா?" என்று கேட்டு, இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.

மெட்ராஸில் அன்று கலங்கரை விளக்கத்திலிருந்து இறங்கி நேராகத் தண்ணீருக்குப் போனோம். அம்மா புடவையைக் கெண்டைக்கால் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலை வரும்போதெல்லாம் கத்தினாள். அவள் அப்படிக் கத்திச் சிரித்து நான் பார்த்ததில்லை. நைனா முழங்கால் ஆழத்தில் நின்று இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டார். நாக்கில் பட்ட உப்பைத் துப்பவில்லை. ஆழமாக மூச்சு இழுத்து விட்டார். "இந்தக் காத்து நெஞ்சுக்கு நல்லா இருக்குது மச்சான்" என்றார். மாமா உடனே, "ரிட்டையர் ஆனதும் இங்க வந்துடு மாமா" என்றார். நைனா வரவில்லை. ஊரைவிட்டு அவர் எங்கும் போகவில்லை.

திரும்பும்போது பகல் வண்டி. ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் பாலாற்றைப் பார்த்தோம். தண்ணீர் இல்லை, மணல். "பேத்தமங்கலத்து ஏரியில நாம குடிக்கறது இந்த ஆத்துத் தண்ணிதான்" என்றார் நைனா. நந்தி மலையில் பிறந்து, எங்கள் பேத்தமங்கலம் ஏரியை நிரப்பி, வட ஆற்காட்டைக் கடந்து, கல்பாக்கத்துக்குப் பக்கத்தில் அந்த ஆறு கடலில் சேருகிறது. நான் அட்லஸை விரித்து விரலால் அதன் வழியைப் பிடித்துக்கொண்டே போனேன், ஜோலார்பேட்டை வரும் வரை.

நைனா ரிட்டையர் ஆகி, மூச்சுக்குத் தவித்து, சுரங்கம் மூடுவதற்குச் சில வருஷம் முன்னால் காலமானார். 2001 பிப்ரவரி 28-ஆம் தேதியோடு பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் வேலையை நிறுத்தியது. நூற்று இருபது ஆண்டுகளில் எடுத்த தங்கம் ஏறக்குறைய 800 டன் என்கிறார்கள். இன்று எங்கள் ஊர்ப் பிள்ளைகள் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போய் ராத்திரி திரும்புகிறார்கள். மெரினா கலங்கரை விளக்கமும் பாதுகாப்புக் காரணம் சொல்லி இருபது ஆண்டுகளுக்கு மேல் பொதுமக்களுக்கு மூடிக் கிடந்து, 2013 நவம்பரில் மறுபடி திறந்தது. என் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனேன். கீழே சிறிய மியூசியமும் வைத்திருக்கிறார்கள். பழைய விளக்குகள், கண்ணாடிகள். பிள்ளைகள் பொறுமையாகப் பார்த்தார்கள்.

அவர்கள் அடுத்ததாக, "தாத்தா வேலை செஞ்ச இடத்தைக் காட்டு" என்று கேட்டார்கள். தங்கவயலுக்கு அழைத்துப் போனேன். வேலி, பூட்டு, ஷாஃப்டின் மேல் நிற்கும் ஹெட்கியர் என்ற துருப்பிடித்த கோபுரம், உள்ளே போகக் கூடாது என்ற பலகை. உலகத்தின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் மேல் கம்பி இழுத்து மின்சாரம் கொண்டுவந்தது இதற்காக. 1965-இல் வளிமண்டல நியூட்ரினோவைப் பூமிக்கடியில் முதன்முதலாகப் பதிவு செய்த இடங்களில் இதுவும் ஒன்று. ஒரு மிஞ்சிய தூணையும் விளக்கையும் குண்டு விழுந்த சுவரையும் மெட்ராஸ் எடுத்துக் காட்டுகிறது. காட்டுவதற்கு இவ்வளவு இருக்கும் எங்கள் ஊரில் ஒரு ஷாஃப்ட் வாசல்கூடத் திறந்திருக்கவில்லை. இது நியாயமில்லை.

ஒரே ஒரு ஹெட்கியரைப் பழுது பார்க்கட்டும். அதன் காலடியில் ஒரு கேஜ், ஒரு வைண்டிங் எஞ்சின், ஒரு ஹெல்மெட் விளக்கு, அந்தப் பெல், இறந்தவர்களின் பெயர்ப் பட்டியல் இவற்றை வைத்து ஜனங்களை உள்ளே விடட்டும். மத்திய அரசும் கர்நாடக அரசும் சேர்ந்தால் இது பெரிய செலவில்லை. சுரங்கத்தில் வேலை செய்து இன்னும் உயிரோடு இருப்பவர்களையே வழிகாட்டிகளாக வைக்கலாம், அவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. தாமதிக்கக் கூடாது.

அதுவரை காத்திருக்காமல் நீங்களும் ஒருமுறை வாருங்கள். பங்காரப்பேட்டையில் மாரிகுப்பம் வண்டி ஏறி சாம்பியனில் இறங்குங்கள். ஸ்டேஷனுக்கு வெளியே எந்த டீக்கடையில் கேட்டாலும், தன் நைனா எந்த ஷாஃப்டில் இறங்கினார் என்று காட்ட ஒருவர் உங்களோடு நடந்து வருவார்.